நேரம் மாறும் வாரம்: படுக்கும் நேரத்தை விடுங்கள், எழும் நேரத்தைக் கவனியுங்கள்

கேள்வி: கனடாவின் டொரன்டோவில் வசிக்கிறோம். மார்ச்சில் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்ததும் என் 7 வயது மகன் ஒரு வாரம் காலை 7 மணிக்கு எழ மாட்டாமல் அழுகிறான். 8.10க்குப் பள்ளிப் பேருந்து. இரவு 8 மணிக்கு ஊரிலுள்ள பாட்டியுடன் பேசிவிட்டு 8.30க்குப் படுக்கிறான், ஆனால் தூங்குவதில்லை. என்ன செய்வது?

பதில்: மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணி ஒரே தாவலில் 3 மணியாகிவிடுகிறது. சுவர்க் கடிகாரம் தாவும். உடலுக்குள் இருக்கும் கடிகாரம் தாவாது. பெரும்பாலானவர்களுக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். ஆகவே பிந்தித் தூங்குவது எளிது, முந்தித் தூங்குவதுதான் பாடு. நீங்கள் 8.30க்கு விளக்கை அணைக்கும்போது மகனின் உடலுக்கு மணி 7.30தான். அவன் விழித்துக் கிடப்பது பிடிவாதம் அல்ல. அதற்காக அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

உடல் கடிகாரத்தை முன்னே நகர்த்துவது காலை வெளிச்சம். எனவே விழிக்கும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். நேரம் மாறுவதற்கு முந்தைய வியாழன் 6.45க்கு எழுப்புங்கள், வெள்ளி 6.30, சனி 6.15. ஞாயிறன்று பழைய கணக்கில் 6 மணி, அதாவது புதிய 7 மணி. விடுமுறைதானே என்று சனி, ஞாயிறில் தூங்கவிட்டால் செய்ததெல்லாம் வீண். இரவுச் சாப்பாட்டையும் அதே 15 நிமிடக் கணக்கில் முன்னே கொண்டுவாருங்கள். படுக்கும் நேரமும் தானாகப் பின்தொடரும்.

அந்த வாரம் டொரன்டோவில் சூரியன் உதிக்கப் புதிய நேரப்படி ஏறத்தாழ 7.40 ஆகிவிடும். 7 மணிக்கு வெளியே இன்னும் இருட்டாகவே இருக்கும். திரையை விலக்கினால் போதாது; அறை, சமையலறை விளக்குகளையெல்லாம் போட்டுவிடுங்கள். காலணி மாட்டிக்கொண்டு 7.55க்கே வெளியே போய், பேருந்து வரும்வரை வானத்தின் கீழ் நிற்கட்டும். மேகம் மூடியிருந்தாலும் வீட்டு விளக்கைவிட அந்த வெளிச்சம் பல மடங்கு அதிகம். மாலையில் இதற்கு நேர்மாறு: 7.15 வரை வெயில் இருக்கும், ஆகவே படுக்கையறைத் திரைகளை இழுத்துவிட்டு, கைப்பேசி, டேப்லெட்டை எடுத்து வைத்துவிடுங்கள். தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

பாட்டியின் அழைப்பை மறந்துவிடவில்லை. குளிர்காலத்தில் உங்கள் இரவு 8 மணி ஊரில் காலை 6.30, அந்த ஞாயிறு முதல் 5.30 ஆகிவிடும். அவர் எழட்டும் என்று 9 மணிக்குத் தள்ளினால் பையனின் தூக்கம் கெடும். காலை 7.30க்கு அழையுங்கள். அங்கே மாலை 5 மணியாக இருக்கும். பாட்டியின் குரல் கேட்டால் அவனும் போர்வையை உதறிவிட்டு வருவான்.