ஆட்வேர் என்றால் என்ன? கணினியிலிருந்து அதை எப்படி நீக்குவது?

நம் கணினியில் குடியேறி, நாம் கேட்காத விளம்பரங்களைக் காட்டி, தன்னை எழுதியவருக்குக் காசு சேர்க்கும் மென்பொருள்தான் ஆட்வேர். பிரவுசரைத் திறந்தால் தெரியாத தேடல் பக்கம் வருகிறதா? சந்தேகம் இதன்மேல்தான்.

உள்ளே விட்டது பெரும்பாலும் நாமேதான். இலவச வீடியோ கன்வெர்ட்டர் ஒன்றை இறக்கி, ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போவோம். நடுவில் ‘இதையும் சேர்த்து நிறுவு’ என்ற ஒரு சின்னக் கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் கூடவே நாலு பேர் வந்து, பந்தி முடிந்தும் திண்ணையை விட்டு நகராத கதை. ‘கஸ்டம்’ முறையில் நிறுவினால் அந்த டிக்கை எடுத்துவிட வாய்ப்புண்டு.

எப்போதும் நம் தவறும் அல்ல. 2014இல் விற்ற சில லெனோவோ மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற ஆட்வேர் கடையிலிருந்தே வந்தது; பூட்டுப் போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் அது புகுந்தது. 2015 பிப்ரவரியில்தான் குட்டு உடைந்தது.

நீக்க, விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளில் வந்தவற்றைத் தூக்குங்கள். பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்களான எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள்; பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். மிச்சத்தைத் தேடித் துடைக்க மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் (AdwCleaner) என்ற மென்பொருள் உண்டு, இலவசம்.

திரையின் மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று குதித்தால் உடனே ஃபார்மட் செய்யக் கிளம்பாதீர்கள். பல நேரம் அது வைரஸே அல்ல. என்றோ ஏதோ தளத்துக்கு ‘அலௌ’ அழுத்திய நோட்டிஃபிகேஷன். பிரவுசர் செட்டிங்ஸில் அந்த அனுமதியை நீக்கினால் நின்றுவிடும்.