கிட்னி வேலை செய்யாதவருக்கு ஆன்டிபயாட்டிக் டோஸை ஏன் கூட்டுகிறார்கள்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63, எடை 60 கிலோ. நிமோனியா முற்றி, ரத்தத்தில் கிருமி கலந்து, ஐசியூ-வில் வென்டிலேட்டரில் இருக்கிறார். கிட்னியும் செயலிழந்துவிட்டது. உடனே மெரோபெனம் ஊசியை நாளைக்கு ஒரு 500 மில்லிகிராம் வயல் என்று குறைத்தார்கள். மறுநாள் சிஆர்ஆர்டி என்கிற டயாலிசிஸ் மெஷின் போட்டார்கள். அன்றைய பார்மசி பில்லில் ஒரு கிராம் வயல் மூன்று! கிட்னி பழுதானவருக்கு மருந்தைக் குறைக்கத்தானே வேண்டும்? அடுத்து ஸ்லெட் டயாலிசிஸுக்கு மாற்றுவோம், தேவைப்பட்டால் எக்மோ என்கிறார்கள். டாக்டரிடம் நாங்கள் என்ன கேட்க வேண்டும்? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அரை கிராம் எங்கே, மூன்று கிராம் எங்கே என்று திகைப்பது நியாயம்தான். அப்பாவின் கேஸ் ஷீட் என் கையில் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் டோஸைக் கூட்டியதில் தவறேதும் தெரியவில்லை. மெஷின் ஓட ஆரம்பித்த பிறகும் அந்த ஒரு வயலிலேயே விட்டிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

மெரோபெனத்தின் பெரும்பகுதி சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. நல்ல கிட்னி நிமிடத்துக்குச் சுமார் 100 மில்லி ரத்த நீரை வடிகட்டும். அது 10 மில்லிக்கும் கீழே போய்விட்டால், நாளைக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் போதும் என்று மருந்தோடு வரும் குறிப்பேடே சொல்கிறது. முதல் நாள் பில்லில் இருந்த வயல் அந்தக் கணக்கில் வந்தது.

இப்போது மெஷினைப் பாருங்கள். அதன் அடியில் ஒரு பெரிய பை தொங்கும், வெளிர் மஞ்சள் நீர் அதில் நிரம்பிக்கொண்டே இருக்கும். எஃப்ளூயன்ட் என்பார்கள். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 20 முதல் 25 மில்லி வீதம் இது வெளியேற வேண்டும் என்பது கேடிகோ என்கிற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2012 வழிகாட்டுதல். 60 கிலோ அப்பாவுக்கு 25 வீதம் வைத்தால் மணிக்கு 1,500 மில்லி, அதாவது நிமிடத்துக்கு 25 மில்லி. மெரோபெனம் சிறிய மூலக்கூறு, ரத்தப் புரதத்தோடும் அநேகமாக ஒட்டுவதில்லை. எனவே ரத்தத்தில் எந்த அடர்த்தியில் இருக்கிறதோ ஏறக்குறைய அதே அடர்த்தியில் இந்தப் பைக்குள் இறங்கிவிடும். மெஷின் எடுப்பது போக உடம்பு தானாகச் சிதைப்பது கொஞ்சம், இன்னும் சிறுநீர் வருகிறது என்றால் அதில் போவது கொஞ்சம். நேற்று வெளியேற வழியில்லாமல் தங்கிய மருந்து இன்று 24 மணி நேரமும் வடிந்துகொண்டிருக்கிறது. இந்த நிலையில் பெரும்பாலான ஐசியூ-க்களில் ஒரு கிராமை 8 அல்லது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். கடுமையான கிருமி, முதல் சில நாட்கள் என்றால் நானும் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றுதான் எழுதுவேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவுக்கு வந்திருப்பதுபோல் கிருமித் தொற்று உடம்பு முழுக்கத் தாக்கும் செப்சிஸில் ரத்தக் குழாய்கள் கசியும், பிரஷரைத் தூக்க லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றுவார்கள். அப்பாவின் கை கால் வீங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்து அந்த நீரிலெல்லாம் பரவி நீர்த்துப்போகும். அதனால்தான் முதல் டோஸைக் கிட்னியைப் பார்த்து யாரும் குறைக்கக் கூடாது. முதல் டோஸ் எவ்வளவு என்பதை முடிவு செய்வது உடம்பு எவ்வளவு பெரிய பாத்திரம் என்பது. அதில் ஓட்டை எவ்வளவு என்பது அடுத்தடுத்த டோஸ்களுக்கான கேள்வி.

கூடினால் ஆபத்து இல்லையா என்றால், உண்டு. மெரோபெனம் தேங்கினால் வலிப்பு வரலாம். செஃபெபிம் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் தேங்கினால் குழப்பம், உடல் வெட்டி வெட்டி இழுப்பது என்று வரும். மயக்க மருந்தில் இருப்பவரிடம் இதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஆனால் செப்சிஸின் முதல் 48 மணி நேரத்தில் மருந்து குறைவதுதான் உயிருக்குப் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. திடீரென்று பழுதான கிட்னி இரண்டு நாளில் தேறிவிடுவதும் சகஜம். முதல் நாள் கிரியேட்டினினை (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவின் அளவு) பார்த்து அவசரமாகக் குறைத்த டோஸ், அதற்குள் போதாமல் போயிருக்கும். பென்சிலின் குடும்ப மருந்துகளில் டோஸ் போதாமல் போகுமோ என்கிற இந்தப் பயத்துக்குக் கூடுதல் இடமுண்டு.

கிரியேட்டினின் பற்றி ஒரு எச்சரிக்கை. மெஷின் போட்டபின் அது 4-லிருந்து 1.5-க்கு இறங்கும், 'அப்பாவுக்குக் கிட்னி தேறிவிட்டது' என்று வீட்டில் சந்தோஷப்படுவீர்கள். அது மெஷின் கழுவிய எண். அதை சூத்திரத்தில் போட்டுக் கிட்னியின் வேலைத்திறனையோ மருந்தளவையோ கணக்கிடுவதும் தப்பு. கிட்னி திரும்புகிறதா என்பதற்கு நாள் முழுக்க எவ்வளவு சிறுநீர் வந்தது என்பதுதான் நம்பகமான முதல் அறிகுறி.

ஒரே மெஷினில் எல்லா மருந்தும் ஒரே மாதிரி வெளியேறாது. புரதத்தோடு இறுக ஒட்டும் செஃப்ட்ரியாக்சோன், திசுக்களுக்குள் பதுங்கும் டைஜிசைக்ளின், டாக்சிசைக்ளின் இவற்றை டயாலிசிஸ் அவ்வளவாகத் தொடாது, வழக்கமான டோஸே போகும். வான்கோமைசின் பெரிய மூலக்கூறு, ஆனாலும் சிஆர்ஆர்டியில் கணிசமாக வெளியேறும். ஆகவே கிலோவுக்கு 20 முதல் 35 மில்லிகிராம் வரை ஒரு பெரிய முதல் டோஸ் கொடுத்துவிட்டு, ரத்தத்தில் அளவு பார்த்து அடுத்ததை முடிவு செய்வார்கள்.

இந்தப் பட்டியலில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது கொலிஸ்டின். வேறெதுவும் கேட்காத கிருமிகளுக்கு நம் ஊர் ஐசியூ-க்களில் அடிக்கடி கையில் எடுக்கும் மருந்து. நல்ல கிட்னி கொலிஸ்டினை வடிகட்டினாலும், அதன் நுண்குழாய்கள் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடும். மெஷினில் வடிகட்டி உண்டு, நுண்குழாய் கிடையாது. போனது போனதுதான். 2019-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலின்படி, முதல் டோஸ் 90 லட்சம் யூனிட். பிறகு கிட்னி அறவே இல்லாமல் மெஷினும் இல்லாதவருக்கு நாளைக்குச் சுமார் 40 லட்சம், நல்ல கிட்னி உள்ளவருக்குச் சுமார் 110 லட்சம், சிஆர்ஆர்டியில் இருப்பவருக்குச் சுமார் 130 லட்சம்! அதாவது கிட்னி நன்றாக இருப்பவரைவிட அதிகம். இதைக் கேட்டு ஜூனியர் டாக்டர்களே ஒருமுறை ஆர்டரைத் திருப்பிப் பார்ப்பார்கள். இதன் உடன்பிறப்பு போன்ற பாலிமிக்சின் பி-க்கு இந்தத் தொல்லை இல்லை. கிட்னியை வைத்து அதன் டோஸை மாற்றுவதில்லை.

இனி ஸ்லெட். என் பார்வையில் நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய கட்டம் இதுதான். சிஆர்ஆர்டி நாள் முழுக்க மெதுவாக ஓடும், ஸ்லெட் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் மட்டும், சற்று வேகமாக. ஓடும் நேரத்தில் மருந்து சரசரவென்று இறங்கும், நிறுத்தியபின் தேங்கும். மருந்துச் சார்ட்டில் காலை 6, மதியம் 2, இரவு 10 என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். ஸ்லெட்டும் இரவு 10 மணிக்கே தொடங்கினால், அந்த டோஸில் பெரும்பங்கு விடிவதற்குள் கழிவுநீரோடு போய்விடும். சார்ட்டில் 'கொடுக்கப்பட்டது' என்று கையெழுத்து இருக்கும், ரத்தத்தில் மருந்து இருக்காது. எனவே ஸ்லெட் முடிந்த கையோடு ஒரு டோஸ் விழும்படி நேரத்தை நகர்த்த வேண்டும், நீண்ட ஸ்லெட் என்றால் நடுவிலும் ஒன்று தேவைப்படலாம். நான்கு மணி நேர சாதாரண டயாலிசிஸுக்கும் இதே விதிதான், டயாலிசிஸ் முடிந்தபின் மருந்து.

ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் மெஷின்தான் எக்மோ. அந்தப் பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டில் பலருக்கு 2020-ல் எஸ்.பி.பி. சிகிச்சையில் இருந்த நாட்கள் நினைவுக்கு வரும். அந்தப் பெயரே அப்போதுதான் வீடுகளுக்குள் வந்தது. ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் மட்டும் எக்மோ அவ்வளவு பயமுறுத்தும் மெஷின் அல்ல. அதன் பிளாஸ்டிக் குழாயிலும் ஆக்சிஜன் ஏற்றும் பகுதியான ஆக்சிஜனேட்டரிலும் ஒட்டிக்கொள்பவை கொழுப்பில் கரையும் மருந்துகள். ஃபென்டனில், மிடசோலம் போன்ற மயக்க மருந்துகளும், பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகோனசோலும் அந்த ரகம். மெரோபெனம், பிப்பெராசிலின் போன்றவை எக்மோவில் இருப்பவரிடமும் இல்லாதவரிடமும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. எக்மோவோடு டயாலிசிஸும் சேர்ந்தால், டோஸை மாற்றுவது டயாலிசிஸ்தான்.

டாக்டரிடம் கேட்பது பற்றி. 'ஏன் மூன்று வயல்?' என்று கேட்பதைவிட, தினசரி கவுன்சலிங் நேரத்தில் 'நேற்று மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது?' என்று கேளுங்கள். சிஆர்ஆர்டி பேப்பரில் 24 மணி நேரம், நடைமுறையில் ஃபில்டர் உறைந்து அடைத்துக்கொள்ளும், ஸ்கேனுக்குக் கொண்டுபோவார்கள், புது செட் மாட்ட நேரமாகும். எட்டு மணி நேரம் நின்றிருந்தால் டோஸ் கணக்கும் அதற்கேற்ப இருக்க வேண்டும். மெஷின் மாறும் நாளிலும் அறவே நிறுத்தும் நாளிலும் 'ஆன்டிபயாட்டிக் டோஸைத் திரும்பப் பார்த்துவிட்டீர்களா, டாக்டர்?' என்று ஒரு வார்த்தை. மூன்று கிராம் மெரோபெனம் மெஷின் நின்றபின்னும் அதே பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பதுதான் தேங்குவதற்கான முக்கிய வழி. மருத்துவமனையில் கிளினிக்கல் பார்மசிஸ்ட் இருந்தால் அவரிடமும் பேசலாம், இந்தக் கணக்குகள் அவருக்குத் தினப்படி வேலை.

ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க முடியுமா என்றும் கேட்கலாம். வான்கோமைசின், அமிக்காசின், வோரிகோனசோலுக்குப் பெரிய லேப்களில் வசதி இருக்கிறது. மெரோபெனத்துக்கு நம்மூரில் அவ்வளவு எளிதில் கிடைக்காது, அதைச் செய்யவில்லை என்று டாக்டரைக் குறை சொல்ல வேண்டாம். மெரோபெனத்தை மூன்று மணி நேரம் சிரிஞ்ச் பம்பில் மெதுவாக ஏற்றுவதைப் பார்த்து 'ஊசி இறங்கவே மாட்டேன் என்கிறதே' என்று பதற வேண்டாம். கிருமியின் மேல் மருந்து அதிக நேரம் நிற்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். இந்த ரக மருந்துகளை நாள் முழுக்க ஏற்றுவதால் பலன் கூடுமா என்று 7,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய பிளிங்-3 ஆய்வு 2024-ல் வந்தது. 90 நாளில் இறந்தவர்கள், விட்டு விட்டு ஏற்றியவர்களில் 26.8 சதவீதம், நாள் முழுக்க ஏற்றியவர்களில் 24.9 சதவீதம், ஆனால் புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியவில்லை. கலக்கிய மெரோபெனம் அறை வெப்பத்தில் சில மணி நேரத்தில் வீரியம் இழக்கும் என்பதால், நம்ம ஊர் வெயிலுக்கு மூன்று நான்கு மணி நேர முறையே எனக்குத் தோது.

நீங்கள் கேட்காத ஒன்று. அப்பா ஏற்கெனவே வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவர் என்றால் இன்றே ஐசியூ-வில் சொல்லிவிடுங்கள். மெரோபெனம் ஓரிரு நாளில் வால்ப்ரோயேட்டின் அளவை ரத்தத்தில் சரித்துவிடும், மாத்திரையைக் கூட்டினாலும் ஈடாகாது. லெவெடிராசிட்டம் போல வேறொன்று தேவைப்படும். அதுவும் டயாலிசிஸில் வெளியேறும் மருந்துதான், அதன் நேரத்தையும் மெஷினைப் பார்த்தே வைக்க வேண்டும்.