வாக்கும் கேள்வியும்: பெண் வாக்காளர்களின் சந்தேகங்கள்

கேள்வி: யாருக்குப் போட வேண்டும் என்பதை வீட்டு ஆண்களே முடிவு செய்கிறார்கள். மாற்றிப் போட்டால் தெரிந்துவிடுமா?

பதில்: சாவடியில் போட்டால் தெரியாது. 1948-ம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், 21-வது பிரிவிலேயே ரகசிய வாக்கெடுப்பைச் சொல்கிறது. வெளியே வந்ததும் யார் கேட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. வாக்குச்சீட்டைப் படம் எடுத்துவரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பல நாடுகளில் அது குற்றம். தபால் வாக்கில்தான் சிக்கல். வீட்டில் வைத்து நிரப்பும்போது பக்கத்தில் ஒருவர் வந்து நின்றால் ரகசியம் போய்விடும். முடிந்தவரை சாவடிக்கே போங்கள்.

கேள்வி: திருமணமாகி ஊர் மாறிவிட்டேன். பட்டியலில் பெயர் இருக்குமா?

பதில்: இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், இன்றே பாருங்கள். இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் (1951-52) ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. சொந்தப் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று பதிந்திருந்ததே காரணம்.

கேள்வி: சமத்துவம் பற்றிக் கேட்டால், "பெண்கள் முன்னேற்றத்துக்குப் பாடுபடுவேன்" என்று சொல்லிவிட்டு வேட்பாளர்கள் போய்விடுகிறார்கள். எப்படிக் கேட்பது?

பதில்: அந்த ஒரு வரியைச் சொல்லித் தப்பிக்க முடியாதபடி கேளுங்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தரப்படுகிறதா என்று யார், எப்போது சோதிப்பார்கள்? குழந்தைகள் காப்பகத்துக்கு எவ்வளவு நிதி, எந்த ஆண்டுக்குள்? அடி உதைக்குத் தப்பி நள்ளிரவில் வெளியேறும் பெண் எங்கே தங்குவாள்? இப்படி மூன்று கேள்விகள் போதும். எல்லா வேட்பாளரிடமும் அதே மூன்றைக் கேளுங்கள், எழுதிக் கொடுங்கள், பதிலைத் தேதியோடு குறித்துவைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தனியாகப் போகாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்வேன். ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று சுமார் 90 சதவீதப் பெண்கள் அலுவலக வேலை, வீட்டு வேலை இரண்டையும் நிறுத்தினார்கள். மறு ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. 1980-ல் விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் என்ற பெண் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். அத்தனை பெரிய கூட்டம் வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து நின்றாலே வேட்பாளர் நின்று பதில் சொல்வார்.

கேள்வி: பெண் வேட்பாளருக்குத்தான் போட வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை. ஆனால் பெண்கள் பதவிக்கு வருவதால் பலன் உண்டு. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவானதை 2004-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அங்கே பெண்கள் அதிகம் முறையிட்டதும் குடிநீர் பற்றித்தான். பெண் வேட்பாளரிடமும் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உடன் வந்தவர் குறுக்கிட்டுப் பதில் சொன்னால், "நீங்கள் சொல்லுங்கள் அம்மா" என்று அவரிடமே கேளுங்கள்.