அணு தெரிந்தால் அத்தனையும் தெரியுமா? – கேள்வி பதில்

எல்லாம் அணுக்கள்தான் என்றால், அணுவின் விதி தெரிந்தால் போதாதா சார்? (தரமணி)

முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் சறுக்கல். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத் திரும்பக் கட்டவும் தெரியும் என்று சொல்ல முடியாது என 1972-லேயே இயற்பியலாளர் ஃபிலிப் ஆண்டர்சன் எழுதிவிட்டார். ஒற்றை நீர் மூலக்கூறுக்கு ஈரமும் இல்லை, உறைநிலையும் இல்லை; பல மூலக்கூறுகள் கூடினால்தான் அவை வரும்.

பட்டாம்பூச்சி சிறகடித்தால் புயல் வருமாமே? (அடையாறு)

சிறகடிப்பு மட்டுமே புயலைக் கிளப்பிவிடாது. 1961-ல் வானிலை ஆய்வாளர் லோரன்ஸ் தன் வானிலைக் கணக்கில் 0.506127-க்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். போகப் போக விடை எங்கோ போய்விட்டது. சிறகடிப்பு கெடுப்பது நம் கணிப்பைத்தான்.

தாம்பரம் பைபாஸில் சிக்னல் இல்லை, விபத்தும் இல்லை. வண்டிகள் ஏன் நிற்கின்றன? (போரூர்)

அருமையான கேள்வி! 2008-ல் வெளியான ஜப்பானியச் சோதனை ஒன்று. 230 மீட்டர் வட்டப் பாதை, 22 கார்கள், எல்லோரும் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டும். தடையே இல்லை. யாரோ லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்க, கடைசியில் சிலர் நின்றே போனார்கள். கார்கள் முன்னே போக, நெரிசல் அலையாகப் பின்னோக்கி வந்தது. இன்ஜினைக் கழற்றிப் பார்த்தால் இது கிடைக்குமா?

ஓட்டுநர் மூளையும் அணுதானே? பெரிய கணினி இருந்தால் கணக்கிடலாம். (மீண்டும் தரமணி)

விடமாட்டீர்கள் போல! இரண்டே நிலைகள் கொண்ட 300 துகள்களை எடுங்கள். அவற்றின் குவாண்டம் நிலையை, அதாவது எல்லாச் சேர்க்கைகளும் ஒருசேரக் கலந்த நிலையை, முழுதாக எழுத 2-இன் 300-ஆம் அடுக்கு எண்கள் வேண்டும். காணக்கூடிய பிரபஞ்சத்தில் அத்தனை அணுக்களே இல்லை. ஓட்டுநருக்கு அப்புறம் வருவோம்.

அப்படியானால் இயற்பியல் தோற்றுவிட்டது, வாஸ்து சரி? (மாம்பலம்)

ஐயா, இதைத்தான் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறேன். கூட்டத்தில் புதுக் குணம் எழுவது மந்திரம் இல்லை. நெரிசல் போன்ற மேல்தளத்தின் விதி, அணு போன்ற கீழ்த்தளத்தின் விதியை மீறாது. ஆண்டர்சனே 1977-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர்.

பட்டாம்பூச்சி விளைவு உண்மையா? (வடபழனி)

அடையாறுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நெரிசல் வெறும் பெயர், கார்தான் நிஜம். (தரமணியேதான்)

அதில் இருந்த கார்கள் எல்லாம் மாறிய பிறகும் நெரிசல் தொடர்கிறதே, எந்தக் காரின் பெயர் அது? போரூர்க்காரரிடம் கேளுங்கள், அவர்தான் தினமும் அதில் நிற்கிறார்.