மக்கும் பை உரத்தொட்டியில் மக்காதது ஏன்?

சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘மக்கும்’ என்று அச்சிட்ட பச்சை நிறப் பைகளை வாளிக்குள் விரித்து, நிறைந்ததும் பையோடு சேர்த்தே உரத்தொட்டியில் போட்டுவந்தேன். எட்டு மாதம் கழித்துக் கிளறினால் காய்கறித் தோலெல்லாம் மண்ணாகியிருக்கிறது. பைகள் மட்டும் நாடா நாடாகக் கிழிந்து, மேலே இருந்த இலைப் படம்கூட அழியாமல் கிடக்கின்றன. இந்த உரத்தைச் செடிகளுக்குப் போடலாமா? மீதியிருக்கும் பைகளை என்ன செய்வது? தொட்டியை நான் சரியாகப் பராமரிக்கவில்லையா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தோல் மண்ணாகியிருக்கிறது என்றால் தொட்டி தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறது; குறை உங்கள் பராமரிப்பில் இல்லை. உரத்தைச் சலித்துப் பயன்படுத்தலாம். ஆனால் எந்தச் செடிக்கு என்பது அந்தப் பை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. அது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், இனி அந்தத் தொட்டிக்குள் பை எதையும் போடாதீர்கள்.

இத்தகைய பைகள் பலவற்றில் பிஎல்ஏ என்று சுருக்கமாகக் குறிப்பிடப்படும் பாலிலாக்டிக் அமிலம் கலந்திருக்கும். சோளத்தின் மாவுச்சத்து, கரும்பின் சர்க்கரை போன்றவற்றிலிருந்து அதைத் தயாரிக்கிறார்கள். தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே மண்ணில் விழுந்தவுடன் மக்கத் தொடங்கிவிடும் என்று வாங்குபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். விற்பவர்கள் அந்த நினைப்பைக் கலைப்பதில்லை. உண்மையில், வெப்பமும் ஈரமும் சேர்ந்து அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்த பிறகுதான் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும். அந்த வெட்டும் வேலை வேகம் பிடிப்பது ஏறத்தாழ 60 பாகை செல்சியசில். பெரிய உரக்கூடங்களில் குவியலின் நடுப்பகுதி வாரக்கணக்கில் அந்தச் சூட்டில் நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டரையாவது எட்டாத குவியலோ தனக்குள் உண்டாகும் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. நீளத் தண்டு உள்ள வெப்பமானி ஒன்றைத் தொட்டியின் நடுவில் செருகிச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். பெரும்பாலான நாட்களில் வெளிக்காற்றைவிடச் சற்றே கூடுதலாகக் காட்டும், அவ்வளவுதான்.

பையின் மேல் இருக்கும் தரச் சான்றும் அந்தச் சூட்டை மனத்தில் வைத்துத்தான் வழங்கப்படுகிறது. ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரத்தின்படி, 12 வாரங்களில் பை சிதைந்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் அதன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. 6 மாதங்களுக்குள் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு உரக்கூடத்தின் வெப்பநிலையைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே சான்று பொய்யில்லை. உங்கள் வீட்டுத் தொட்டியைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. இந்த ஒரு வரியைப் பையின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட வைப்பதற்கு ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் போதவில்லை என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

இன்னொரு வகைப் பை இதைவிட மோசமானது. சாதாரண பாலிதீனில் மாங்கனீசு, கோபால்ட், இரும்பு போன்ற உலோகங்களின் உப்பைச் சிறிதளவு கலந்துவிட்டால், வெயிலும் காற்றும் பட்டுப் பை நொறுங்கத் தொடங்கும். பார்வைக்கு மறைந்துவிட்டதுபோல் தோன்றுமே தவிர, பொடியாகிக் கிடப்பது பிளாஸ்டிக்தான். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையை 2019இல் கொண்டுவந்த ஆணையின் மூலம் 2021 ஜூலை 3 முதல் சந்தையிலிருந்து விலக்கியது. மற்ற பல இடங்களில் இது இன்னும் பசுமையான படங்களோடு விலைபோகிறது.

இடைத்தரகர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குடியிருப்புச் சங்கங்களுக்கு மொத்தமாகப் பை விற்க வருபவர் கையில் எப்போதும் ஒரு சான்றிதழ் நகல் இருக்கும். அதை வாங்கி நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் அது பைக்கான சான்றாக இருக்காது, பை செய்யப் பயன்படும் மூலப்பொருள் மணிகளுக்கான சான்றாக இருக்கும். பைக்கே உரிய சான்றாக இருந்தாலும் இன்ன தடிமன் வரைதான் செல்லும் என்று அதில் வரம்பு போட்டிருப்பார்கள். உங்களுக்குத் தருவதோ அதைவிடத் தடித்ததாக இருக்கலாம், அல்லது மூலப்பொருளோடு மலிவான பாலிதீனைக் கலந்ததாக இருக்கலாம். முறையான முத்திரையின் கீழே உரிம எண் ஒன்று இருக்கும். அந்த எண்ணைச் சான்று வழங்கிய அமைப்பின் இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். பையின் பெயரும் தயாரிப்பாளரின் பெயரும் அங்கே தென்பட வேண்டும். எண்ணே இல்லாமல் இலைப் படமும் ‘100 சதவீதம் மக்கும்’ என்ற வாசகமும் மட்டும் இருந்தால், எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுபோகும். இதே ஆட்கள் பையோடு சேர்த்து, 24 மணி நேரத்தில் கழிவை உரமாக்கும் இயந்திரம் என்று ஒன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அவற்றில் பல, கழிவைச் சூடாக்கி உலர்த்தி அரைத்துத் தருபவை மட்டுமே. அந்தத் தூளில் தண்ணீர் பட்டால் மறுபடி அழுகி நாற்றம் எடுக்கும். அதை உரம் என்று நம்பிச் செடியின் வேரில் கொட்டிவிடாதீர்கள்.

நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமோஜன் நாப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் பலவகைப் பைகளை 3 ஆண்டுகள் மண்ணிலும் கடலிலும் திறந்தவெளியிலும் வைத்துப் பார்த்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தானாகச் சிதையும் என்ற பெயரில் விற்கப்பட்ட பை, மண்ணிலிருந்து எடுத்தபோது சாமான் தூக்கும் அளவுக்கு உறுதியாகவே இருந்தது. உரமாகும் என்று குறிக்கப்பட்ட பை கடலில் 3 மாதத்தில் காணாமல் போனது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் கிடந்தது, எடையைத் தாங்கும் வலு மட்டும் போயிருந்தது. வீட்டுத் தொட்டிக்கென்றே தனி முத்திரை பெற்ற பைகள் தேவலையே என்று நீங்கள் கேட்கலாம். லண்டனின் யூனிவர்சிட்டி காலேஜ் நடத்திய சோதனையில், அப்படி முத்திரை பெற்ற பிளாஸ்டிக் பொருள்களிலேயே 60 சதவீதம் மக்களின் தொட்டிகளில் முழுமையாகச் சிதையவில்லை என்று 2022இல் தெரியவந்தது.

இனி உங்கள் உரத்துக்கு வருவோம். தொட்டியைக் காலிசெய்து, பெரிய நாடாக்களைக் கையால் பொறுக்கிவிட்டு, உரத்தைப் பரப்பி ஓரிரு நாள் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது துண்டுகள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு சல்லடையை அடைத்துவிடும். காய்ந்ததும் 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலியுங்கள். பையின் உரிம எண் சரிபார்த்ததில் உண்மையென்று தெரிந்தால் கவலை வேண்டாம்: ஈஎன் 13432 தரம் கன உலோக அளவையும், உரத்தில் செடி முளைத்து வளர்வதையும் சோதித்தே சான்று தருகிறது, எனவே தப்பி நிற்கும் சிறு துணுக்குகளோடு எந்தப் பாத்திக்கும் போடலாம். எண் இல்லை, அல்லது பொருந்தவில்லை என்றால் காய்கறி, கீரைப் பாத்திகளை விட்டுவிட்டுப் பூச்செடிகளுக்கும் மரங்களுக்கும் போடுங்கள். பாலிதீன் பொடி சல்லடைக் கண் வழியாகவும் இறங்கியிருக்கும். உரம் முழுவதையும் குப்பையில் கொட்டத் தேவையில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்கள் பகுதி நிர்வாகம் ஈரக்கழிவைத் தனியாக எடுத்துச் சென்று, சூடேறும் பெரிய உரக்கூடத்தில் பதப்படுத்தி, இத்தகைய பைகளை ஏற்றுக்கொள்வதாக எழுத்துப்பூர்வமாகவும் சொல்லியிருந்தால், பை உண்மையிலேயே உதவும். வாளி அழுக்காவதில்லை என்பதால் ஈரக்கழிவைப் பிரிக்கத் தயங்குபவர்களும் பிரிக்கத் தொடங்குவார்கள். ஆனால் இந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் விலக்கு செல்லாது. பல கூடங்களில் கழிவு உள்ளே நுழையும்போதே பை போலத் தெரியும் அனைத்தையும் வாரி வெளியே எறிந்துவிடுகிறார்கள், ஏனென்றால் ஓடும் பட்டையின் முன்னால் நிற்பவருக்கு நல்ல பையையும் பாலிதீனையும் பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. வேறு சில கூடங்களில் ஒரு சுற்றே 12 வாரத்துக்கு முன் முடிந்துவிடும்; சான்று பெற்ற பையும் அதற்குள் முழுதாகச் சிதையாது. எனவே வண்டியில் வருபவரிடம் கேட்காமல், கூடத்தை நடத்துபவரிடமே கேளுங்கள். ஒரே நிர்வாகம் ஒரு கையால் இந்தப் பைகளை வீடுவீடாக விநியோகித்துவிட்டு மறு கையால் கூடத்து வாசலில் கிழித்தெறிவதும் நடக்கிறது. அதைக் கேட்பதற்கு ஆளில்லை.

மீதியிருக்கும் பைகளை மறுசுழற்சிக்கான பிளாஸ்டிக்கோடு சேர்க்காதீர்கள். பாலிதீனோடு கலந்தால் உருக்கி வார்க்கும் தகடு பலவீனமாகும். பிஎல்ஏ பாட்டில்களும் இப்படித்தான்: தண்ணீர்ப் பாட்டில் பிளாஸ்டிக் உருகுவதற்கு வெகு முன்பே இளகி, உலர்த்தும் கட்டத்திலேயே கட்டி தட்டிவிடும். எதற்கும் ஆகாமல் கலப்புக் குப்பைக்குப் போகிறவற்றைக் கட்ட அந்தப் பைகளைப் பயன்படுத்துங்கள். காற்றுப் புகாத குப்பைக் கிடங்கின் அடியில் பிஎல்ஏ அசையாமல்தான் கிடக்கும், ஆனாலும் அந்தக் குப்பையைக் கட்ட ஏதோ ஒரு பை தேவைப்படத்தானே செய்கிறது. சமையலறை வாளிக்கு மடித்த செய்தித்தாள் இரண்டு விரிப்பு போதும். தாளும் தொட்டியில் மக்கும். ஈரம் அதிகமென்றால் அடியில் காய்ந்த சருகு ஒரு கைப்பிடி போடுங்கள். கையிருப்புப் பைகளை அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள்: உங்கள் தொட்டியில் எட்டு மாதம் தாக்குப்பிடித்த இதே வகைப் பை, ஓராண்டுக்கு மேல் அடுக்கி வைத்தால் வலுவிழந்து, குப்பையோடு தூக்கும்போது அடி பிய்ந்துவிடும்.