பந்தயத்தை விட்ட குதிரையை வீட்டுக்குக் கொண்டுவரலாமா? கேள்வி பதில்

அழகர்கோவில் பக்கம் எங்கள் தோப்பில் பந்தயத்தை விட்டு வந்த மூன்று குதிரைகள் நிற்கின்றன. அதைக் கேள்விப்பட்டு நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேலூரிலிருந்து: அண்ணே, ஆறு வயதுப் பந்தயக் குதிரையைச் சும்மாவே தருகிறேன் என்கிறார்கள். ஓட்டிவந்துவிடலாமா?

சும்மா வருவது குதிரை மட்டும்தான், தம்பி. இரண்டு வயதில் ஓடத் தொடங்கி ஆறில் ஓய்ந்துவிடுகிறது. நல்லபடியாக வைத்தால் 25 வயது வரை இருக்கும். மிச்சக் காலம் முழுக்க உங்கள் தலையில்தான். பார்க்கப் போகும்போது முன்னங்காலின் பின்பக்கம், முட்டிக்குக் கீழே, விரலை வைத்து மேலிருந்து தடவுங்கள். ஒரு கால் மட்டும் சூடாக, வில் மாதிரி புடைத்து இருந்தால் அது தசைநாண் காயம்பட்டு இன்னும் ஆறாத குதிரை. மேய்ந்து திரியட்டும், ஆளை ஏற்றி ஓட்டாதீர்கள். அடையாளத்துக்காக உடம்பில் பொருத்திய சிப்பின் எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா பாருங்கள். நரியைப் பரியென்று வாங்கிய ஊர் நம்முடையது. கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை முடியாமல் லாரியில் ஏற்றவே கூடாது. அது மனிதருக்கும் தொற்றும்.

உசிலம்பட்டியிலிருந்து: மாட்டுக்குக் கோ-4 புல் போட்டிருக்கிறேன், தவிடும் இருக்கிறது. அதுவே போதாதா?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு. கோ-4 போன்ற நேப்பியர் புல்லில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் வயிற்றுக் கிருமிகள் அதைச் சமாளித்துவிடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், தவிட்டில் இருக்கும் பாஸ்பரஸும் சேர்ந்து இழுக்கும். உடம்பு எலும்பைக் கரைத்து ஈடுகட்டும். சில மாதத்தில் முகம் இரண்டு பக்கமும் வீங்கி, நடை கெட்டுப்போகும். அருகம்புல், காய்ந்த சோளத்தட்டை, கொஞ்சம் குதிரைமசால் என்று வையுங்கள் (பெயரிலேயே குதிரை இருக்கிறதே). 450 கிலோ குதிரைக்குக் காய்ந்த தீவனமாகக் கணக்கிட்டால் நாளைக்கு 7 முதல் 9 கிலோ. ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். லாயத்தில் தின்ற ஓட்ஸை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் குறையுங்கள். குதிரைக்கு வாந்தி வராது. வயிற்றில் சிக்கினால் புரண்டு புரண்டு செத்துப்போகும்.

13ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் தாண்டி வாங்கிய குதிரைகளுக்கு இங்கே சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்ததையும், பார்க்கத் தெரிந்த ஆளில்லாமல் அவை செத்ததையும் எழுதியிருக்கிறார். நாம் இன்று தவிட்டில் நிற்கிறோம்.

திருமங்கலத்திலிருந்து: கோழிப்பண்ணைத் தீவனம் மிச்சம் இருக்கிறது சார், கலக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அதில் மோனென்சின் என்ற கோழி மருந்து கலந்திருந்தால் கொஞ்சமே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும்.

சிலைமானிலிருந்து: மாட்டுக்கு லாடம் கட்டுகிறவரைக் கூப்பிட்டால் ஆகாதா?

மாட்டுக் குளம்பு பிளந்தது, குதிரைக்கு ஒரே குளம்பு. பந்தய லாடத்தைக் கழற்றிவிட்டு, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் சீவினாலே போதும். ரண ஜன்னி ஊசி மட்டும் மறக்காதீர்கள்.

கே.கே. நகரிலிருந்து: என் மகள் எப்போது ஏறலாம் அய்யா?

மூன்று மாதம் சும்மா மேயட்டும். இதற்கு நின்றுகொண்டிருக்கும்போது ஏறவே பழக்கமில்லை. நடக்க நடக்கவே ஜாக்கியைத் தூக்கி வைத்திருப்பார்கள். கடிவாளத்தை இழுத்தால் நிற்காது, வாயைச் சாய்த்துக்கொண்டு இன்னும் ஓடும். பழகியவர் முதலில் திருத்தட்டும், பாப்பா அப்புறம்.

வாடிப்பட்டியிலிருந்து: சுழி பார்க்க வேண்டாமா?

காலைப் பாருங்கள் முதலில்.

அலங்காநல்லூரிலிருந்து: வாங்கி வந்து நான்கு நாளாச்சு அண்ணே, ராத்திரியெல்லாம் கனைக்கிறது.

ஐம்பது குதிரைக்கு நடுவே வளர்ந்தது, ஒற்றையாக நிற்கிறது. எனக்கு வந்த முதல் பெண்குதிரை வேலியோரம் நடந்து நடந்து தடமே போட்டுவிட்டது. ஒரு வெள்ளாட்டை உள்ளே விட்ட மறுநாள்தான் தலையைத் தாழ்த்தி மேய்ந்தது. நீங்களும் ஒன்று வாங்கி விடுங்கள். கிடாவெட்டுக்குக் கேட்டு வருவார்கள், கொடுத்துவிடாதீர்கள்.