வாசகர் கேள்வி: 23-ஆம் சங்கீதத்தின் ‘பாதை’ வட்டமா?

கேள்வி: எங்கள் ஊரில் நடந்த கன்வென்ஷன் கூட்டத்தில் பேசிய போதகர், ‘என்னை நீதியின் பாதைகளில் நடத்துகிறார்’ என்னும் சங்கீதம் 23:3-இல் உள்ள எபிரெயச் சொல்லுக்கு ‘வட்டம்’ என்பதே பொருள் என்றும், ஆகவே தேவன் நம்மைச் சுற்றிச் சுற்றியே அழைத்துச் செல்வார் என்றும், நம் காரியங்கள் தாமதமாவதற்கு அதுவே காரணம் என்றும் விளக்கினார். இது சரிதானா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: சொல்லின் வேரைப் பொறுத்தவரை அவர் கூறியதில் பாதி சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுக்கு அந்த வசனத்தில் இடமில்லை.

அங்கே வரும் சொல் ‘மஅகால்’ என்பதன் பன்மை. பழைய ஏற்பாட்டில் வழியைக் குறிக்க 700 தடவைக்கும் மேல் வருவது ‘தெரெக்’. அது மிதித்து நடப்பதைக் குறிக்கும் வினையோடு தொடர்புடையது. மஅகால் அவ்வளவு பொதுவான சொல் அன்று. அதன் வேர் உருட்சியைக் குறிக்கிறது. சாலொமோன் செய்வித்த வெண்கலக் கடல்தொட்டி வட்டமானது என்று 1 இராஜாக்கள் 7:23 கூறுமிடத்தில் வரும் ‘ஆகோல்’, வண்டியைக் குறிக்கும் ‘அகாலா’ ஆகிய இரண்டும் இதற்கு உறவான சொற்கள். யாக்கோபை அழைத்துவர எகிப்திலிருந்து யோசேப்பு அனுப்பியவை அகாலாக்களே. பெலிஸ்தர் உடன்படிக்கைப் பெட்டியைத் திருப்பி அனுப்பியதும் ஒரு புது அகாலாவில்தான்; அதுவரை நுகம் பூட்டப்படாத இரண்டு கறவைப்பசுக்கள், கன்றுகள் வீட்டில் அடைபட்டிருக்க, கத்திக்கொண்டே, வலமும் இடமும் விலகாமல் அதை பெத்ஷிமேசுக்கு இழுத்துச் சென்றன என்று 1 சாமுவேல் 6 விவரிக்கிறது.

வட்டம், ஆகவே, சக்கரத்தில் இருக்கிறது. அந்தச் சக்கரம் பலமுறை உருண்டு மண்ணில் பதித்த வண்டித்தடம் வட்டமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. ‘உமது பாதைகள் நெய்யாய்ப் பொழிகிறது’ என்னும் சங்கீதம் 65:11-இலும் இதே சொல்தான் வருகிறது. விளைச்சலைப் பாடும் அந்தப் பாட்டில், கர்த்தரின் இரதம் வயல்களின் மேல் உருண்டு போக, அதன் தடமெல்லாம் செழிப்பு சொட்டுவதாக உரையாசிரியர்கள் பலர் பொருள் காண்கிறார்கள். தமிழில் ‘பாதைகள்’ என்று மட்டும் படிக்கும்போது அந்தச் சக்கரம் நம் கண்ணில் படுவதில்லை.

இதற்கு நான் பெரிதும் மதிக்கும் சான்று கிரேக்கத்தில் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன்பே எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள், நீதிமொழிகள் 4:26-இல் வரும் மஅகாலுக்கு ‘ட்ரொகியா’ என்ற சொல்லை இட்டார்கள். சக்கரத்தைக் குறிக்கும் ‘ட்ரொகோஸ்’ என்பதிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குச் சக்கரத்தடம் என்று பொருள். எபிரெயர் 12:13-இல் ‘உங்கள் பாதங்களுக்கு வழிகளைச் செவ்வைப்படுத்துங்கள்’ என்று நாம் படிப்பது அந்தக் கிரேக்க வாக்கியத்தின் எதிரொலியே. அங்கே தடத்துக்குக் கொடுத்திருக்கும் அடைமொழி ‘நேரான’ என்பதாகும். வட்டம்தான் பொருள் என்றால் அந்த அடைமொழி அங்கே எப்படிப் பொருந்தும்?

போதகர் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. தாவீதும் அபிசாயும் இரவில் வந்தபோது, சவுல் தன் ஈட்டியைத் தலைமாட்டில் தரையிலே குத்தி வைத்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்த இடத்துக்கும் மஅகால் என்றே பெயர் (1 சாமுவேல் 26:7). வண்டிகளைச் சுற்றிலும் நிறுத்திய பாளயம் என்றோ வட்டமாக அமைந்த பாளயம் என்றோ அதை விளக்குவார்கள். இன்றைய எபிரெயத்திலும் அச்சொல் வட்டத்தைத்தான் குறிக்கிறது. மின்சுற்றுக்கும் அதே பெயர். ஆனால் இன்றைய வழக்கைக் கொண்டுபோய்ப் பழைய பாட்டில் ஏற்றுவது முறையாகாது. பெத்லகேமுக்குக் கிழக்கே யூதேயாவின் வறண்ட மலைச்சரிவுகளில் ஆடுகள் மிதித்து உண்டாக்கிய தடங்கள் படிப்படியாகச் செல்வதை இன்றும் காணலாம். சுற்றுப்பாதை விளக்கம் பிறந்தது பெரும்பாலும் அந்தக் காட்சியிலிருந்துதான் என்று நினைக்கிறேன். அந்தத் தடங்களும் சரிவின் குறுக்கே, ஏற்ற இறக்கம் குறைவாகச் செல்பவை. செங்குத்தில் ஏறிக் களைக்காமல் மந்தை மேய்வதற்கு அவை உதவும். தாமதத்தைப் பற்றி அவற்றிலிருந்து எதையும் பெற முடியாது. தாமதத்தைப் பற்றிப் பேச வேதத்தில் வேறு வசனங்கள் இருக்க, இதை வளைப்பானேன்?

கேள்வி: அப்படியானால் ‘நீதியின் பாதைகள்’ என்பதைச் சில புதிய மொழிபெயர்ப்புகள் ‘சரியான வழிகள்’ என்று மாற்றியிருப்பது ஏன்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இங்கே ‘நீதி’ என்று பெயர்க்கப்பட்டிருக்கும் ‘ட்செதெக்’ என்ற எபிரெயச் சொல்லுக்கு இரண்டும் பொருந்தும். லேவியராகமம் 19:36 சரியான தராசை ‘ட்செதெக் தராசு’ என்றே சொல்கிறது. பொய்யில்லாத தராசு என்று பொருள். அதே முறையில், ஆட்டை மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் தவறாமல் கொண்டுசேர்க்கும் தடம் ‘ட்செதெக் தடம்’ ஆகலாம். மேய்ப்பனைப் பாடும் வசனத்துக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. ஆயினும் அடுத்தே ‘தம்முடைய நாமத்தினிமித்தம்’ என்று வருவதால், நீதி என்னும் பொருளை முற்றிலும் விலக்கிவிட முடியாது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.